சாமி கும்பிட நேரமில்லை, கும்பிடாத குற்ற உணர்ச்சி வேற

அரைத்தூக்கம் | இரவு 1.47

தூங்க வேண்டிய நேரத்துல இதை எழுதிட்டிருக்கேன், முதல்லயே ஒத்துக்கிறேன்.

பார்மசி மூணாம் வருஷம். காலையில 8 மணிக்கு கிளாஸ், மதியம் லேப், சாயங்காலம் ரெண்டு பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்தக் காசு வேணும், அதனால அதை விடுன்னு யாரும் சொல்லாதீங்க. வீடு வந்து ரெக்கார்டு நோட்டைத் திறக்கும்போது மணி 9.30. அதுக்கப்புறம்தான் படிப்பு.

இன்னைக்கு லேப்ல டைட்ரேஷன், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா இன்னொண்ணுல விட்டு அளவு கண்டுபிடிக்கிற சோதனை. வெளிர் ரோஸ் வந்ததும் பியூரெட்டை (சொட்டு விடுற கண்ணாடிக் குழாய்) நிறுத்தணும். ஒரு சொட்டு வித்தியாசம்தான். எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு, திரும்பிப் பார்த்தா பிளாஸ்க் முழுக்க அடர் ரோஸ். மறுபடி ஆரம்பிச்சேன், மறுபடி அதே கதை. மூணாவது தடவை கை நடுங்குச்சு. பக்கத்து டேபிள் பொண்ணு ஒண்ணும் சொல்லாம என் கையிலிருந்து பியூரெட்டை வாங்கித் திருகுனா. அழுகை வந்துடுச்சு.

இங்க கேட்க வந்த விஷயம் வேற. ஸ்கூல் படிக்கிறப்போ இருந்து தினமும் காலையில இருபது நிமிஷம் உட்கார்ந்து சாமி கும்பிடுவேன், பாட்டு ஒண்ணு முழுசாச் சொல்லுவேன். இந்த செமஸ்டர் ஆரம்பிச்சதுல இருந்து அது போச்சு. என்னைக்காவது உட்கார்ந்தாலும் வாய் பாட்டைச் சொல்லுது, மனசு சப்மிஷன் தேதியை எண்ணுது. கும்பிடாத நாள்ல 'இன்னைக்கு இன்டர்னல் சொதப்பும்'னு ஒரு பயம். முன்னாடி டென்ஷன் குறையணும்னு கும்பிட்டேன், இப்போ கும்பிடலையேங்கிறதே ஒரு டென்ஷன்.

முதல்ல எதைச் சரி பண்ணணும்? நேரத்தையா, பக்தியையா?

சும்மா_வந்தேன் | இரவு 1.58

முதல்ல தூங்குங்க. சாமி காலையிலயும் அங்கேயேதான் இருப்பார்.

ஐந்துவேளை | காலை 5.40

சகோதரி, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்களுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு வேளை தொழுகை. 'இருக்கிற பிஸியில அஞ்சு தடவையா'ன்னு ரூம்மேட் கேட்பான். அந்த அஞ்சு இல்லைன்னா என் நாளுக்கு நடுவுல நிறுத்தமே கிடையாது, காலையில எழுந்து ராத்திரி விழுற வரைக்கும் ஒரே நீளமா ஓடும்னு சொல்லுவேன்.

நேரத்தை நான் முடிவு பண்றதில்ல, சூரியன் முடிவு பண்ணுது. ஃபஜ்ர் விடியலுக்கு முன்னாடி, லுஹர் உச்சி சாய்ஞ்சதும், அஸர் பிற்பகல்ல, மஃரிப் சூரியன் மறைஞ்சதும், இஷா ராத்திரி. 'இன்னும் அரை மணி படிச்சுட்டு'ன்னு மனசு பேரம் பேசும், ஆனா வக்து, தொழுகைக்கான நேரம், போயிட்டிருக்கே. எழுந்து உளூ செய்யணும், தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறது. முகத்துல தண்ணி படணும், கை முழங்கை வரைக்கும் நனையணும். ஈரக்கையோட யாரும் போன் நோண்ட மாட்டாங்க. எனக்கு பாதி அமைதி அந்தக் குழாயடியிலயே வந்துடும்.

ஒரு தடவை ப்ராஜெக்ட் கோடுல பிழை, ரெண்டு மணி நேரமாத் தேடியும் சிக்கல. அஸருக்கு எழுந்து போயிட்டு வந்து உட்கார்ந்தேன், பத்தே நிமிஷத்துல கண்ணுல பட்டுச்சு. இதை அற்புதம்னு சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னா தொழுகையிலயும் பாதி அந்தப் பிழையைத்தான் நினைச்சிட்டிருந்தேன், அது தப்புன்னு தெரியும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததுதான் உதவுச்சு.

உங்க குற்ற உணர்ச்சிக்கு ஒண்ணு சொல்றேன். பயணத்துல இருக்கிறவன் நாலு ரக்அத்தை (தொழுகையோட ஒரு சுற்று) ரெண்டாச் சுருக்கிக்கலாம், நிக்க முடியாத நோயாளி உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியலைன்னா படுத்துக்கிட்டே. தவறிப்போனா பிறகு நிறைவேத்த வழி இருக்கு. கஷ்டத்துல இருக்கிறவனுக்கு மார்க்கமே இவ்வளவு இடம் விட்டிருக்கு. உங்க வழியிலயும் இருக்கும், பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. இருபது நிமிஷப் பாட்டு இல்லைன்னா ஒண்ணுமே இல்லைன்னு யார் சொன்னது?

கேள்விக்குறி | காலை 9.12

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் நம்பிக்கை இல்லாத ஆள். இந்தப் பொண்ணுக்குப் பிரச்சினை சாமி இல்லைங்க, தூக்கம். 18 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் 7 முதல் 9 மணி நேரம் தூங்கச் சொல்றாங்க. ராத்திரி 2 மணிக்குப் படுத்து 8 மணி கிளாஸுக்கு ஓடினா அஞ்சு மணி நேரம் தேறுமா? கை நடுங்காம என்ன செய்யும்?

இதுக்குள்ள கடவுளைக் கொண்டு வர்றது, ஒழுகுற குழாய்க்குக் கீழ பாத்திரத்தை மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி. குழாயை அடைங்க. சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம். படுக்கையில போன் வேண்டாம். முடிஞ்சுது.

அரைத்தூக்கம் | மதியம் 1.05

காபி மேட்டர்ல பிடிச்சுட்டீங்க. கஃபீனோட அரை ஆயுள் சராசரியா 5 மணி நேரம்னு பரீட்சையில எழுதி ஃபுல் மார்க் வாங்கினவ நான். சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்சதுல பாதி 11 மணிக்கும் ரத்தத்துல சுத்திட்டிருக்கும்னு கணக்குப் போடத் தெரியுது. கணக்குப் போட்டுட்டு இன்னொரு டம்ளர் குடிக்கவும் தெரியுது.

ஆனா நீங்க சொல்றது முழுசா ஒட்டல. போன வருஷமும் இதே தூக்கம்தான், இதே டியூஷன்தான். கும்பிட்டுட்டுக் கிளம்புற நாள்ல ஏதோ ஒண்ணு தாங்குச்சு. அந்த ஒண்ணு என்னன்னுதான் தெரியல.

நாடித்துடிப்பு | மாலை 6.31

கேள்விக்குறி, தூக்கத்தைப் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா 'இதுக்குள்ள கடவுளைக் கொண்டு வராதே'ங்கிற இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நான் உடலியங்கியல் முதுகலை, அந்தப் பக்கத்துல இருந்து பேசுறேன்.

2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் செஞ்சது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன்ல ஜெபமாலை சொல்ல வெச்சாங்க, யோக மந்திரமும் சொல்ல வெச்சாங்க. ரெண்டுலயும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவைங்கிற அளவுக்கு இறங்கிடுச்சு. சாதாரணமா நமக்குப் பன்னிரண்டுக்கு மேல ஓடும். நம்ம ரத்த அழுத்தத்துக்குன்னு இயல்பா ஏறி இறங்குற ஒரு அலை இருக்கு, அது சுமார் பத்து விநாடிக்கு ஒண்ணு, அதாவது நிமிஷத்துக்கு ஆறு. மூச்சும் அந்த அலையும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. ரெண்டு வெவ்வேற மதம், ரெண்டு மொழி, வாக்கியத்தோட நீளம் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. மூச்சை இழுத்துப் பிடின்னு யாரும் சொல்லல, பாட்டே மூச்சை அளந்து விட்டிருக்கு.

அதுக்கு முன்னாடியே, 1970கள்ல, ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் இதைத் தேடிப் போனார். ஒரு சொல்லையோ வரியையோ திரும்பத் திரும்பச் சொல்லணும், நினைப்பு வேற எங்கேயாவது போனா சண்டை போடாம மறுபடி அதுக்கே வரணும். அவ்வளவுதான் அவரோட முறை. நம்பிக்கை உள்ளவங்க அவங்கவங்க மதத்துச் சொல்லையே எடுத்துக்கலாம்னார். இதயத்துடிப்பும் மூச்சும் இறங்குறதைப் பதிவு பண்ணினார்.

இதெல்லாம் கடவுள் இருக்கார்னும் நிரூபிக்கல, இல்லைன்னும் நிரூபிக்கல. 23 பேரை வெச்சு அவ்வளவு பெரிய வழக்கைத் தீர்க்க முடியாது.

அரைத்தூக்கம், ரெண்டு விஷயம். வாய் பாட்டைச் சொல்லுது, மனசு தேதியை எண்ணுதுன்னு எழுதியிருக்கீங்க. அது தோல்வி இல்ல. போன மனசு திரும்பி வர்றதுதான் பயிற்சி, நாற்பது தடவை போனா நாற்பது தடவை வரும். ரெண்டாவது, 'கும்பிடலைன்னா மார்க் போகும்'ங்கிற பயம். நம்பிக்கை மன அழுத்தத்தை எப்படித் தொடுதுன்னு பல வருஷம் ஆராய்ஞ்ச உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை ரெண்டாப் பிரிக்கிறார். கஷ்டத்துல சாமியைத் துணையா நினைக்கிறது ஒரு வகை. சாமி தண்டிக்கிறார், கைவிட்டுட்டார்னு நினைக்கிறது இன்னொரு வகை. ரெண்டாவது வகையில இருக்கிறவங்களுக்குக் கவலையும் சோர்வும் அதிகமா இருக்கிறதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. நீங்க ஒண்ணுலயிருந்து ரெண்டுக்கு வழுக்கிட்டு வர்றீங்கன்னு எனக்குத் தோணுது.

கேள்விக்குறி | மாலை 7.20

சரி, வாபஸ். பாட்டு மூச்சை அளக்குதுங்கிறது எனக்குப் புதுசு. பாட்டியோட முணுமுணுப்பைச் சின்ன வயசுல கிண்டல் பண்ணியிருக்கேன், அது வேற உறுத்துது.

பதிலுக்கு என் பங்கு. 2018ல பெய்லர் பல்கலைக்கழகத்துல 57 இளைஞர்களைப் படுக்கப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எழுத வெச்சாங்க. பாதிப்பேர் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதணும், மீதிப்பேர் செஞ்சு முடிச்சதை எழுதணும். செய்ய வேண்டியதை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. எவ்வளவு விவரமா எழுதினாங்களோ அவ்வளவு சீக்கிரம். 'படிக்கணும்'னு எழுதாம 'மூணாவது பாடம், முதல் ரெண்டு தலைப்பு'ன்னு எழுதணும்.

கும்பிடும்போது உங்க மனசு தேதியை எண்ணுதே, அது உட்கார இடம் இல்லாம அலையுது. பேப்பர்ல ஒரு இடம் குடுத்துட்டுக் கும்பிடப் போங்களேன். நாத்திகன் சொல்ற பூஜை டிப்ஸ்.

மெழுகுவர்த்தி | இரவு 10.02

பார்கமென்ட் சொன்ன அந்த ரெண்டாவது வகையில ஒரு வருஷம் குடியிருந்தவ நான், அதனால எழுதுறேன்.

நர்சிங் ரெண்டாம் வருஷத்துல மூணு அரியர். ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவேன். அது ஜெபமே இல்ல, பேரம். 'இதுல பாஸ் பண்ண வெச்சா அதைச் செய்றேன்.' ஜெபத்தை மார்க்குக்கு அட்வான்ஸ் மாதிரி கட்டினேன். ரிசல்ட் வந்துச்சு, மூணுல ரெண்டு மறுபடி போச்சு. அன்னைக்கு பைபிளை மூடி அலமாரியில துணிக்குக் கீழ வெச்சேன். கோபம் யார் மேலன்னு சொல்லத் தெரியல.

திரும்பி வந்தது எந்தப் பிரசங்கத்தாலும் இல்ல. வார்டுல சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க ஷிஃப்ட் முடிஞ்சதும் மருந்து ட்ராலி பக்கத்துல ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டேன். 'இன்னைக்கு நடந்ததைத் திருப்பிப் பார்க்கிறேன், நல்லதுக்கு நன்றி, தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு வீட்டுக்குப் போறேன்'ன்னாங்க. மறுநாள் அவங்களுக்கு லீவு. இது இயேசு சபையைத் தொடங்கின லொயோலாவின் இக்னேஷியஸ் 16ஆம் நூற்றாண்டுலயே கத்துக் குடுத்த ஆத்ம சோதனைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கையைத் துடைச்சுக்கிட்டு நின்ன அந்த ரெண்டு நிமிஷம்தான் எனக்குப் பிடிச்சுது. அந்த ஜெபம் எதையும் கேட்கல.

இப்போ நானும் ராத்திரி அதைத்தான் செய்றேன். பல நாள் பாதியிலயே தூங்கிடுறேன். ஞாயித்துக்கிழமை முழுக்கப் புத்தகத்தைத் தொடாம இருக்கப் பார்த்தேன், பரீட்சை சமயத்துல முடியல, மதியம் வரைக்கும்னு சுருக்கிட்டேன். ஓய்வுநாளைக் கட்டளையாவே குடுத்திருக்கு. சும்மா இருக்க நமக்கு உத்தரவு தேவைப்படும்னு தெரிஞ்சே குடுத்திருப்பாங்க போல.

தங்கம், டைட்ரேஷன்ல அழுததுக்கு வெட்கப்படாத. நான் லினன் ரூம்ல அழுதிருக்கேன், பெட்ஷீட் நடுவுல சத்தம் வெளிய வராது.

வெண்பட்டு | இரவு 10.45

உண்மையான பக்தி இருந்தால் மனக்கவலையே வராது. நம்பிக்கையில் எங்கேயோ குறை இருக்கிறது. முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள்.

ஐந்துவேளை | இரவு 11.03

வெண்பட்டு ஐயா, நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா இப்படிச் சொல்லிச் சொல்லியே என் நண்பன் ஒருத்தன் ஆறு மாசம் டாக்டர்கிட்ட போகல. தனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) குறைவுன்னு நினைச்சுக்கிட்டான். சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்ல, வகுப்புக்கே வரல. கடைசியில் மனநல மருத்துவரைப் பார்த்தான், மருந்து எடுத்தான், இப்போ பக்கத்து ஸஃப்புல (வரிசையில) நின்னு தொழுறான். ஒட்டகத்தைக் கட்டிட்டுத் தவக்குல் (இறைவனை நம்பி ஒப்படைக்கிறது) வைன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு, கட்டாமலே ஒப்படைன்னு இல்ல.

சகோதரி, ரெண்டு வாரத்துக்கு மேல அழுகையும் வெறுமையும் விடாம இருந்தாலோ, இருக்கவே வேண்டாம்னு ஒரு நினைப்பு வந்தாலோ, இங்க எழுதிட்டிருக்காம அன்னைக்கே ஒருத்தர்கிட்ட நேர்ல சொல்லுங்க. கல்லூரி ஆலோசகர், டாக்டர், வீட்டுல யாராவது.

பழைய_வாத்தியார் | காலை 6.15

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எல்லோரும் தூக்கத்தையும் பூஜையையும் பேசிவிட்டார்கள். படிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

இரவு 9.30க்கு மேல் உட்கார்ந்து என்ன செய்கிறாய்? நான் ஊகிக்கிறேன்: புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, மஞ்சள் மையால் கோடு போடுகிறாய். என் மாணவர்கள் அனைவரும் அதைத்தான் செய்தார்கள், நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்யச் சொன்னேன். வாசிக்க வாசிக்கத் தெரிந்ததுபோல இருக்கும், பரீட்சைத் தாளைக் கண்டால் காணாமல் போகும். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனை பிரபலமானது. ஒரு குழு பாடத்தை மறுபடி வாசித்தது, இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னே நின்றார்கள். பரீட்சை எப்போதும் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது.

மூடிவிட்டு எழுதிப் பார். இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகும். மிச்சத்தைத் தூக்கத்துக்குக் கொடு.

பரீட்சை மண்டபத்துக்குள் போகுமுன் பயத்தை ஒரு தாளில் பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போனவர்கள் நன்றாக எழுதியதாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தாளை நீ யாரிடமாவது காட்ட வேண்டும் என்றில்லை. நீ கும்பிடும் இடத்தில் வைத்துவிட்டும் போகலாம்.

அரைத்தூக்கம் | இரவு 9.50

மஞ்சள் மை. சார், என் பைக்குள்ள எட்டிப் பார்த்தீங்களா?

எல்லாருக்கும் நன்றி, மெழுகுவர்த்தி அக்காவோட பதிவை மூணு தடவை படிச்சேன். இன்னையில இருந்து காலையில பாட்டோட முதல் நாலு வரி மட்டும், மெதுவா. ராத்திரி கேள்விக்குறி அண்ணா சொன்ன லிஸ்ட். 6 மணிக்கு மேல காபி கிடையாது. 21 நாள் விடாமச் செஞ்சா பழக்கமாயிடும்ல? காலண்டர்ல கட்டம் போட்டுட்டேன்.

நாடித்துடிப்பு | இரவு 10.08

கட்டம் போட்டதே எனக்குப் பயமா இருக்கு, ஒரு கட்டம் காலியானா மறுபடி பழைய பயம்தான் வரும்.

அந்த 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதினதுல இருந்து கிளம்பினது. மாறின முகத்துக்கு நோயாளிகள் பழக அவ்வளவு நாளாவது ஆகுதுன்னு சொன்னார். அந்த 'ஆவது' வழியில எங்கேயோ உதிர்ந்துடுச்சு. லண்டன்ல பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு பழக்கம் தன்னால ஓடுற நிலைக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18, சிலருக்கு 254ன்னு கணக்கு வந்துச்சு. உங்களுக்குத் தேவையான வரி இன்னொண்ணு: நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் உருவாகுறது பெரிசா பாதிக்கப்படல. அதைக் காலண்டர் மேல எழுதி ஒட்டுங்க.

நேரத்தைப் பிடிக்கிறதை விட ஒரு செயலைப் பிடிங்க. 'காலை 6.30க்கு'ன்னு வெச்சா 6.45க்கு எழுந்த அன்னைக்கு அவ்வளவுதான். 'பல் தேய்ச்சதும்'னு வையுங்க, எத்தனை மணிக்கு எழுந்தாலும் பல் தேய்ச்சுத்தானே ஆகணும்.

சும்மா_வந்தேன் | இரவு 10.11

எனக்கு அதுவும் உத்தரவாதம் இல்ல.

அரைத்தூக்கம் | ஐந்து வாரம் கழிச்சு, இரவு 9.41

யாராவது இன்னும் இந்தப் பக்கம் வர்றீங்களான்னு தெரியல, நடந்ததைச் சொல்லிடுறேன்.

நாலு வரி நிலைச்சிடுச்சு. பல் தேய்ச்ச ஈர முகத்தோட, நின்ன வாக்குல. இதுவரைக்கும் ஆறு நாள் விட்டுப்போச்சு. முதல் தடவை விட்ட அன்னைக்கு இன்டர்னல் இருந்துச்சு, பயந்துக்கிட்டே போனேன், அதுலதான் இந்த செமஸ்டரோட நல்ல மார்க். கும்பிட்ட அன்னைக்கு எழுதின இன்னொண்ணு சொதப்பல். சாமி மார்க் போடுற வேலையில இல்லைன்னு அவரே காட்டிட்டாரோ என்னவோ. அதுக்கப்புறம் கும்பிடுறது லேசா இருக்கு.

லிஸ்ட் எழுதுறது ஒரு வாரம் ஓடுச்சு, நின்னுச்சு, மறுபடி ஓடுது. நினைவுல இருந்து எழுதிப் பார்க்கிறது முதல் ரெண்டு நாள் கொடுமை சார், ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்துச்சு. இப்போ 11.30க்குப் புத்தகத்தை மூட முடியுது. காபியை மட்டும் முழுசா ஜெயிக்க முடியல, லேப் ரெக்கார்டு சப்மிஷன் வாரத்துல தோத்துட்டேன்.

டியூஷன் ரெண்டு வீட்டுலயும் பேசினேன். ஒரு வீட்டுல சனி, ஞாயிறுக்கு மாத்திக்கிட்டாங்க. இத்தனை நாள் கேட்காமலே இருந்திருக்கேன். இன்னொரு வீட்டுல மாத்த முடியாதுன்னுட்டாங்க, கொஞ்சம் முகம் சுளிச்சாங்க.

கல்லூரி ஆலோசகரையும் ஒரு தடவை பார்த்தேன். அடுத்த வாரம் மறுபடி போகணும். அதைப் பத்தி இங்க எழுத இன்னும் தோணல.

ஆங், போன செவ்வாய்க்கிழமை டைட்ரேஷன். கடைசி சொட்டுகள் விழும்போது காலையில சொல்ற நாலு வரி தன்னால உள்ள ஓடுச்சு. வெளிர் ரோஸ்லயே நிறுத்திட்டேன். மூணு ரீடிங்கும் ஒண்ணா வந்துச்சு. பக்கத்து டேபிள் பொண்ணு இந்தத் தடவை அவளோடதை என்கிட்ட நீட்டி, 'இது போதுமா, இன்னும் ஒரு சொட்டா?'ன்னு கேட்டா.

கேள்விக்குறி | இரவு 9.55

போதும்னு சொன்னீங்களா?

அரைத்தூக்கம் | இரவு 9.57

ஒரு சொட்டு பாக்கி இருந்துச்சு அண்ணா. லிஸ்ட் எழுதப் போறேன்.